நாற்பத்தாறு நாடுகள், ஒரு சிறு விமானம்: நான்கு கோடைகளின் பதிவு

இந்தத் திட்டத்தில் பறப்பதற்கு முன்பு எண்ண வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் எல்லா நாடுகளிலும் எங்கள் விமானத்தை இறக்கிவிட்டு வருவது என்று நானும், விமானத்தில் பாதிப் பங்கு வைத்திருக்கும் என் நண்பரும் 2022 வசந்தத்தில் முடிவு செய்தபோது, அந்த ‘எல்லா’ என்பது எத்தனை என்பதில் எங்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தைவிடப் பெரிய அமைப்பான ஐரோப்பிய மன்றத்தில் 46 உறுப்பு நாடுகள் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் துருக்கி, ஜார்ஜியா, ஆர்மேனியா, அஜர்பைஜான் ஆகியவை உண்டு. வத்திக்கானும் கொசோவோவும் பெலாரஸும் இல்லை. 2022 மார்ச்சில் வெளியேற்றப்பட்ட ரஷ்யாவும் இல்லை. முதல் நான்கை நீக்கி, பின் நான்கைச் சேர்த்தபோது மறுபடியும் 46 என்ற எண்ணிலேயே வந்து நின்றோம். சைப்ரஸை ஆசியா என்று தள்ளிவிடுவோரும் உண்டு என்றாலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு ஒன்றை விட்டுவிட எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த 46இலும் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் குடிசார் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் பதிவான ஒரு தனியார் விமானம் ரஷ்யாவுக்கோ பெலாரஸுக்கோ போவதைப் பற்றி இப்போது பேசுவதற்கே இடமில்லை. ஆகவே எஞ்சியவை 43. அவற்றிலும் அன்டோரா, மொனாக்கோ, லிக்டன்ஸ்டைன், வத்திக்கான் ஆகிய நான்குக்கும் இறக்கையுள்ள விமானம் இறங்கக்கூடிய ஓடுபாதை கிடையாது. அருகிலுள்ள விமானத் திடலில் இறங்கி, தரைவழியாக எல்லையைக் கடந்து கால் பதித்தால் போதும் என்று இந்த நான்குக்கு மட்டும் விதியைத் தளர்த்திக்கொண்டோம். மீதி 39 நாடுகளில் சக்கரம் தரையில் பட்டே தீர வேண்டும். இயந்திரத்தை நிறுத்தாமல் தொட்டுவிட்டு எழும்புவது கணக்கில் சேராது என்பதும் விதி.

எங்கள் விமானம் டயமண்ட் டிஏ40 என்ஜி. பிராங்க்பர்ட்டுக்குத் தெற்கே எகெல்ஸ்பாக்கில் நிற்கிறது. அதன் 168 குதிரைத்திறன் டீசல் இயந்திரம் ஜெட் ஏ-1 எரிபொருளில் ஓடுகிறது. இந்த ஒரு காரணத்தினால்தான் திட்டம் நடந்தேறியது என்று நான் நம்புகிறேன். சிறு பிஸ்டன் விமானங்களில் பெரும்பாலானவை ஏவ்காஸ் என்னும் ஈயம் கலந்த பெட்ரோலைக் கேட்பவை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் அது எளிதில் கிடைக்கும். தென்கிழக்கே போகப் போக அரிதாகும். சில நாடுகளில் அதைத் தேடியே பாதையை வளைக்க வேண்டியிருக்கும். ஜெட் ஏ-1 இல்லாத பன்னாட்டு விமான நிலையம் கிடையாது. ஆனால் பெரிய நிலையங்களில் எரிபொருள் வண்டிக்கு அழைப்புக் கட்டணமும் குறைந்தபட்ச அளவும் வைத்திருப்பார்கள். நூறு லிட்டருக்காக ஒரு டாங்கர் வண்டி நகர்ந்து வருவதற்கு ஆகும் செலவை முன்னதாகவே மின்னஞ்சலில் கேட்டு எழுதிக்கொள்ளும் பழக்கத்தை முதல் கோடையிலேயே கற்றுக்கொண்டோம். எங்களிடம் இருப்பது நீள்தூர டாங்க். அதில் ஏறக்குறைய 148 லிட்டர் பிடிக்கும். சிக்கனமாக ஓட்டினால் மணிக்கு 22 லிட்டர் அளவில் செலவாகும். ஆறு மணி நேரப் பறப்பு என்று வைத்துக்கொண்டு, அதில் ஒரு மணி நேரத்தை எப்போதும் தொடாமல் வைப்பது எங்கள் வழக்கம்.

எல்லைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதையைத் தீர்மானித்தவை மலைகளைவிட எல்லைகளே. உறுப்பு நாடுகளுக்கிடையே கடவுச்சீட்டுச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக, பெரும்பாலான வேளைகளில் பறப்புத் திட்டம் ஒன்றை அனுப்பினால் போதும். புல்தரைத் திடலில்கூட இறங்கலாம். ஷெங்கனை விட்டு வெளியேறும்போதும் உள்ளே வரும்போதும் கடவுச்சீட்டுச் சோதனை உள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து மூன்றும் ஷெங்கனுக்குள் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பவை. அங்கே கடவுச்சீட்டை யாரும் கேட்காவிட்டாலும் சுங்கம் உண்டு. குரோவேஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனுக்குள் வந்தது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2024 மார்ச் 31 முதல் வான், கடல் எல்லைகளில் இணைந்தன. அந்த இரண்டையும் வேண்டுமென்றே 2024 கோடைக்குத் தள்ளிவைத்தோம். அதனால் நான்கு கடவுச்சீட்டுச் சோதனை நிறுத்தங்கள் மிச்சமாயின. பிரிட்டன் கேட்கும் பறப்பு அறிக்கை 2024 ஏப்ரல் முதல் புறப்பாட்டுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே இணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதையும் புதிதாகத் தொடங்குவோர் குறித்துக்கொள்ளலாம்.

பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டிய தாள்கள் இவை: பதிவுச் சான்று, பறக்கத் தகுதிச் சான்றும் அதன் ஆண்டு மீளாய்வும், வானொலி உரிமம், காப்பீட்டுச் சான்று, விமானத்தின் இரைச்சல் அளவைக் காட்டும் ஒலிச் சான்று. ஒலிச் சான்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இறங்கு கட்டணத்தைக் கணக்கிட அதையே கேட்கும் திடல்கள் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 785/2004 என்ற ஒழுங்குவிதி, எங்கள் எடைப்பிரிவு விமானத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு குறைந்தது 30 லட்சம் சிறப்பு எடுப்புரிமை அலகு (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) இருக்க வேண்டும் என்கிறது. அதைவிட முக்கியமானது காப்பீட்டுப் பத்திரத்தில் எழுதியிருக்கும் நிலப்பரப்பு வரம்பு. ‘ஐரோப்பா’ என்று ஒரு சொல்லில் எழுதியிருந்தால் அதை நம்பிப் புறப்படக் கூடாது. கொசோவோவுக்கும் மால்டோவாவுக்கும் பெயர் குறிப்பிட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம்.

முதல் கோடையில் மேற்கும் குறு நாடுகளும். பெனலக்ஸ் நாடுகளான பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றையும் பிரான்சையும் டென்மார்க்கையும் வார இறுதிகளிலேயே முடித்துவிட்டோம். அன்டோராவுக்கு ஸ்பெயின் பக்கத்திலுள்ள லா செயு துர்ஷெல் நிலையத்தில் இறங்கினோம். 802 மீட்டர் உயரத்தில் பிரனீஸ் பள்ளத்தாக்குக்குள் கிடக்கும் 1,267 மீட்டர் ஓடுபாதை அது. ஜூலை நண்பகலின் வெப்பத்தில் காற்று மெலிந்து, விமானம் இன்னும் பல நூறு மீட்டர் உயரத்தில் இருப்பதைப் போல நடந்துகொள்ளும். ஆகவே திரும்பும் புறப்பாட்டைக் காலை எட்டு மணிக்கே வைத்துக்கொண்டோம். லிக்டன்ஸ்டைனுக்குப் போடன்சே ஏரிக்கரையில் உள்ள ஆல்டன்ரைன். அங்கிருந்து ரயிலில் புக்ஸ் சென்று, ரைன் ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்தால் மறுகரை லிக்டன்ஸ்டைன். அந்நாட்டு விமானங்களும் சுவிஸ் விமானங்களைப் போல எச்பி என்ற எழுத்துகளையே தாங்குகின்றன. மொனாக்கோவுக்குக் கான் மாந்தலியு, வத்திக்கானுக்கு டைபர் ஆற்றை ஒட்டிய ரோமா ஊர்பே. ஆல்ப்ஸைக் கடக்கப் பிரென்னர் கணவாய் வழியையே ஒவ்வொரு முறையும் பயன்படுத்தினோம். அந்த வழித்தடத்துக்கான காஃபார் வானிலை அறிவிப்பில் ஓ, டி, எம், எக்ஸ் என்று, திறந்த வழியிலிருந்து மூடிய வழி வரை நான்கு நிலைகள் உண்டு. ஓ அல்லது டி இல்லாத நாளில் நாங்கள் கிளம்பியதில்லை. அதற்காக இன்ஸ்புருக்கில் இரண்டு நாள் காத்துக் கிடந்ததும் உண்டு.

சான் மரினோவுக்கு விதியைத் தளர்த்த அவசியம் ஏற்படவில்லை. டோராச்சா என்ற ஊரில் அந்நாட்டுக்குச் சொந்தமாக ஒரு புல்தரை ஓடுபாதை இருக்கிறது. 700 மீட்டருக்கும் குறைந்த நீளம். எங்கள் விமானம் முழுச் சுமையில் 1,300 கிலோவைத் தாண்டும். புல்லில், வெயிலில், அந்த எடையோடு அங்கிருந்து எழும்புவதற்குக் கையேட்டின் அட்டவணை இடம் கொடுக்கவில்லை. ஆகவே பறக்கும் தூரம் பத்து நிமிடமே உள்ள ரிமினியில் முதலில் இறங்கினோம். பெட்டிகள், உயிர்காப்புப் படகு, கருவிப்பை எல்லாவற்றையும் அங்கே வைத்தோம். டாங்க்கில் 50 லிட்டருக்கும் குறைவாகவே இருக்கும்படி எகெல்ஸ்பாக்கிலேயே கணக்கிட்டுப் புறப்பட்டிருந்தோம். நண்பரையும் ரிமினியில் விட்டுவிட்டு, முன் அனுமதியோடு நான் மட்டும் போய் இறங்கித் திரும்பினேன். பிறகு அவர் ஒருமுறை தனியாகப் போய் வந்தார். இருவரும் விமானிகள் என்பதால் கணக்கு இருவருக்கும் நேராக வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன்.

2023 ஜூனில் ஐஸ்லாந்து. இந்த நான்கு கோடைகளிலும் நான் மிகவும் அஞ்சிய பறப்பு அதுவே. ஸ்காட்லாந்தின் வட முனையிலுள்ள விக் நிலையத்திலிருந்து பரோ தீவுகளின் வாகர் வரை ஏறக்குறைய 460 கிலோமீட்டர். அங்கிருந்து ஐஸ்லாந்தின் கிழக்கேயுள்ள எகில்ஸ்டாதிர் வரை 500 கிலோமீட்டர். இரண்டும் திறந்த கடலின் மேல். ஒற்றை இயந்திரம் நின்றுபோனால் 8,000 அடியிலிருந்து எங்கள் விமானம் சுமார் இருபது கிலோமீட்டர் சறுக்கும். அதற்குள் தரை வருவதற்கில்லை. தண்ணீரின் வெப்பநிலை ஜூனிலும் 10 டிகிரியை ஒட்டியே இருப்பதால், சாதாரண உடையில் விழுந்தவருக்குக் கைவிரல்கள் சில நிமிடங்களிலேயே வேலை செய்யாமல் போய்விடும். ஆகவே நீர் புகாத முழு உடையைப் புறப்படும் முன்பே கழுத்துவரை மூடி அணிந்துகொண்டோம். விழுந்த பிறகு அணிந்துகொள்ளலாம் என்பது நடக்காத காரியம். மிதவைச் சட்டையை விமானத்துக்கு வெளியே வந்த பின்பே ஊத வேண்டும். உள்ளே ஊதினால் கதவு வழியாக வெளியேற முடியாது. படகைப் பின்னிருக்கையில், கட்டவிழ்த்து ஒரு கையால் இழுக்கும்படி வைத்தோம். 406 மெகாஹெர்ட்ஸ் தனிநபர் அபாய ஒலிபரப்பி ஒன்றை ஒவ்வொருவரும் உடையிலேயே கட்டிக்கொண்டோம். அது உடலோடு இல்லாமல் பையில் இருந்தால் பயனில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி வைத்திருந்தோம்: சேருமிடத்தின் தலைக்கு மேலே போய்ச் சேர்ந்த பின்னும், புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதற்கு எரிபொருள் இருக்க வேண்டும். வாகர் ஓடுபாதை ஒரு ஏரிக்கும் ஃபியோர்டு என்னும் குறுகிய கடற்கழிக்கும் நடுவே, மலைகளுக்கிடையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் கட்டிய அது, 2011இல் 1,250 மீட்டரிலிருந்து 1,799 மீட்டராக நீட்டப்பட்டது. நீளம் போதுமானது, மூடுபனியும் மலைகளிலிருந்து சுழன்று வரும் காற்றுமே தொல்லை. முதல் நாள் பாதித் தொலைவைக் கடந்திருந்தபோது, வாகரில் மேகத்தின் கீழ்விளிம்பு 300 அடிக்கு இறங்கிவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நண்பர் ஏற்கெனவே திரும்பும் திசையைக் கருவியில் அடித்துக்கொண்டிருந்தார். விக்கில் மறுபடி இறங்கி, நனைந்த உடைகளைக் காயப்போட்டு, இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் வாகர் தெளிவாக இருந்தது; ஏரி முழுவதும் தெரிய இறங்கினோம். ‘திரும்புவதற்கான எரிபொருள்’ என்ற விதி இல்லாதிருந்தால், முதல் நாள் அந்த மேகத்துக்குள் இறங்கிப் பார்க்கும் ஆசையை நான் அடக்கியிருப்பேனா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

2024 பால்டிக் பயணத்தில் புதிதாக ஒன்றைச் சந்தித்தோம். போலந்திலிருந்து லித்துவேனியாவுக்குப் போகும் வழி, ரஷ்யாவின் கலினின்கிராடுக்கும் பெலாரஸுக்கும் இடையே சுமார் 65 கிலோமீட்டர் அகலமே உள்ள சுவாவ்கி இடைவெளியின் வழியாகச் செல்கிறது. அங்கே எங்கள் கருவிப்பலகையில் செயற்கைக்கோள் இருப்பிடம் மறைந்து, வரைபடத்திலிருந்து விமானக் குறி அழிந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் சமிக்ஞை குலைக்கப்படுவது தெரிந்த செய்திதான். அதே ஆண்டு இதே காரணத்தினால் எஸ்டோனியாவின் டார்ட்டுவுக்குப் பயணிகள் சேவை ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. தாள் வரைபடத்தை முழங்காலில் விரித்து, திசைகாட்டியையும் கடிகாரத்தையும் தரை வானொலிக் கலங்கரைகளையும் கொண்டு இருபது நிமிடம் பறந்தோம். பயிற்சிக் காலத்தில் கற்றதை இவ்வளவு அவசியத்தோடு அதற்குப் பிறகு நான் பயன்படுத்தியதில்லை. இறங்கியது கௌனாஸ் நகரின் அலெக்சோட்டாஸ் திடலில். 1933இல் லிட்டுவானிக்கா என்ற சிறு விமானத்தில் நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து, கௌனாஸை எட்டும் முன் விழுந்து இறந்த டாரியஸ், கிரேனஸ் இருவரின் பெயரைத் தாங்கிய திடல் அது. அவர்களிடம் இருந்த கருவிகளோடு ஒப்பிட்டால், அன்று எங்களிடம் எதுவும் கெட்டுப்போகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு செப்டம்பரில் பால்கன். இங்கே வரிசையே எல்லாம். கொசோவோ 2008 பிப்ரவரி 17 அன்று சுதந்திரம் அறிவித்தது. செர்பியா அதை ஏற்கவில்லை. இரண்டுக்கும் இடையே நேராகப் பறக்க முடியாது. ஆகவே செர்பியாவை முதலில் முடித்துவிட வேண்டும். நீஷ், அங்கிருந்து வட மாசிடோனியாவின் ஸ்கோப்யே, அங்கிருந்து எண்பது கிலோமீட்டரே உள்ள பிரிஷ்டினா, பிறகு திரானா, போட்கோரிட்சா, மோஸ்டார் என்று ஒரு வளையமாகச் சென்றோம். ஒவ்வொன்றும் ஒரு எல்லை, ஒரு சுங்கம், ஒரு முன் அனுமதி. பிற்பகலில் மலைகளின் மேல் இடிமேகம் எழும்பிவிடும் என்பதால் காலையில் ஒரு பறப்பு, அதிகபட்சம் இரண்டு என்று நிறுத்திக்கொண்டோம்.

அந்த வளையத்தின் நடுவில் ஒரு நாள் காலை, முன்சக்கரம் தட்டையாக உட்கார்ந்திருந்தது. ஒரு கூரான கல் டயரைத் துளைத்து உள்குழாயைக் கிழித்திருந்தது. இதற்காகவே 5.00-5 அளவில் ஒரு உள்குழாயும் சிறு கருவிப்பையும் மூன்று ஆண்டும் சுமந்திருந்தோம். சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது, ஐரோப்பிய விதிகளின்படி விமான உரிமையாளரான விமானியே செய்து கையெழுத்திடக்கூடிய வேலை. வால்பகுதியின் கட்டு வளையத்தில் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, மூக்கு தரையிலிருந்து எழும்பியதும் முன்பக்கம் மரக்கட்டையால் தாங்கல் கொடுத்தோம். சக்கரத்தின் மூடியைக் கழற்றி, அச்சை உருவி எடுத்தோம். அடுத்த படியில் கவனம் மிகவும் தேவை: சக்கரத்தின் இரு பாதிகளையும் இணைக்கும் போல்ட்டுகளைத் தொடும் முன், வால்வின் உள்ளூசியைக் கழற்றி, காற்று முழுவதும் வெளியேறிவிட்டதை உறுதி செய்ய வேண்டும். அழுத்தம் எஞ்சியிருக்கும்போது போல்ட்டைத் தளர்த்தினால் பாதிச் சக்கரம் முகத்தில் வந்து மோதும். தட்டையான டயர்தானே என்று இதைத் தாண்டிப் போகக் கூடாது. டயரின் உட்புறத்தை விரலால் தடவிக் கல்லின் துணுக்கை எடுத்தோம். புதிய குழாயின் மேல் டால்கம் பவுடர் தூவி, மடிப்பு விழாதபடி சிறிது ஊதி உள்ளே வைத்து, இரு பாதிகளையும் குழாய் நடுவில் நசுங்காமல் பொருத்தினோம். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கையேடு சொல்லும் இறுக்கத்துக்கு முறுக்கினோம். வால்வு கார் டயரில் உள்ள அதே வகை என்பதால் சைக்கிள் பம்பே போதுமானதாக இருந்தது. ஊதி முடித்து, காற்றை முழுவதும் விட்டு, மறுபடி ஊதினோம். உள்ளே குழாயின் மடிப்புகள் நீங்க இதுவே வழி. மூன்று மணி நேரம் ஆயிற்று. பழகியவர் ஒரு மணியில் முடிப்பார். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டபோது பிற்பகலாகிவிட்டது. மலைமேல் மேகமும் கட்டியிருந்தது. அன்று பறக்கவில்லை.

மால்டா எளிது, சிசிலியின் கோமிசோவிலிருந்து 125 கிலோமீட்டர் கடல். சைப்ரஸுக்கு ரோட்ஸிலிருந்து பாஃபோஸ் வரை ஏறக்குறைய 440 கிலோமீட்டர். வழியில் கஸ்டெலோரிசோ தீவில் சிறு ஓடுபாதை ஒன்று இருப்பதாலும், நீர் வெதுவெதுப்பாக இருந்ததாலும், வட அட்லாண்டிக்கில் பட்ட அச்சம் அங்கே இல்லை. ஆனாலும் படகையும் மிதவைச் சட்டையையும் ஒரு நாளும் விடவில்லை.

கடைசியாக 2025 மே மாதம் மால்டோவா. அதன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 அன்று மூடப்பட்டு, மார்ச் 21 முதல் பகுதியளவில் திறந்தது. ருமேனியாவின் யாஷியிலிருந்து சிஷினாவ் நூறு கிலோமீட்டர் அளவே. கண்ணால் பார்த்துப் பறக்காமல் கருவிப் பறப்புத் திட்டம் அனுப்பினோம். அது புருஸ்ஸல்ஸிலும் பிரெத்தினியிலும் உள்ள ஐரோப்பிய வான்போக்குவரத்து அமைப்பான யூரோகண்ட்ரோலின் மையங்களில் சோதிக்கப்பட்டு ஏற்கப்படுவதால், மூடிய பகுதிகளுக்குள் வழி தவறி எழுதிவிடும் வாய்ப்பு குறைவு. காலை ஒன்பதரைக்கு இறங்கினோம். நிலைய ஊழியர் ஒருவர், இவ்வளவு சிறிய விமானத்தைப் பார்த்து நெடுநாளாயிற்று என்று சொல்லி அதன் இறக்கையைத் தொட்டுப் பார்த்தார். எரிபொருள் வாங்கவில்லை, திரும்புவதற்கு இருந்தது. கிழக்கே டினீஸ்டர் ஆறு, அதற்கும் அப்பால் உக்ரைன். ஒடேசா சிஷினாவிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டரே. சாதாரண நாளில் ஒரு மணிக்கும் குறைந்த பறப்பு. அன்று எங்கள் கருவித் திரையில் அந்தத் திசை முழுவதும் தடைக்கோடுகளால் நிரம்பியிருந்தது.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் 43 வரிகளுக்கு எதிரே தேதியும் நிலையத்தின் பெயரும் இருக்கின்றன. உக்ரைன், பெலாரஸ், ரஷ்யா என்ற மூன்று வரிகளைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறோம். விமானம் இப்போது 100 மணிப் பராமரிப்பில் நிற்கிறது. இயந்திர எண்ணெயோடு பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயையும் மாற்றச் சொல்லியிருக்கிறோம். முன்சக்கரத்துக்குப் புதிய டயரும், கருவிப்பைக்கு இன்னொரு 5.00-5 உள்குழாயும் வாங்கியாயிற்று.